சாயும் ரயிலும் சாயாத தண்டவாளமும்



"ரயிலைத் தனியாரிடம் கொடுத்தால் முன்னேறுமா?" என்று பட்டிமன்றம் வைத்தால் இரண்டு அணிக்கும் கைதட்டல் கிடைக்கும். நாம் தொழில்நுட்பம் படிக்கிறவர்கள். நமக்குக் கைதட்டலை விடக் கணக்குதான் முக்கியம். அதற்கு ஏற்ற பாடம் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது.

பிரித்துக் கொடுத்த கதை

1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 'பிரிட்டிஷ் ரயில்' என்ற அரசு நிறுவனம் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. தண்டவாளமும் சிக்னலும் 'ரெயில்டிராக்' கம்பெனிக்குப் போயின. பெட்டிகளும் எஞ்சின்களும் மூன்று வாடகைக் கம்பெனிகளுக்குப் போயின. வண்டி ஓட்டும் உரிமை 25 பங்காகப் பிரிந்தது. அதில் லண்டனிலிருந்து பர்மிங்காம், மான்செஸ்டர், கிளாஸ்கோ செல்லும் மேற்குக் கரைப் பாதையை 1997-இல் 'வெர்ஜின்' பெற்றது.

லண்டன் - பர்மிங்காம் பகுதி 1838-இல் திறக்கப்பட்டது. பழைய பாதை, வளைவுகளும் அதிகம். அப்போது மணிக்கு 110 மைலுக்கு மேல் (177 கி.மீ.) போக முடியவில்லை.

சாயும் ரயில்

சைக்கிளில் வேகமாகத் திரும்பும்போது நாம் உள்பக்கம் சாய்கிறோம் அல்லவா? அதே வேலையைச் செய்யும் 'பெண்டோலினோ' ரயில்களை வெர்ஜின் கொண்டுவந்தது. வளைவில் பெட்டி 8 டிகிரி வரை சாயும். 53 ரயில்கள் பர்மிங்காம் தொழிற்சாலையில் தயாராயின. மணிக்கு 140 மைல் (225 கி.மீ.) போகும்படி வடிவமைக்கப்பட்டவை.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். பெட்டி சாய்வது பயணிக்காக! தேநீர் சிந்தாது, ஆள் தள்ளாடமாட்டார். தண்டவாளத்துக்கு அதனால் எந்தச் சலுகையும் கிடையாது. மையவிலக்கு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். ஒரே வளைவில் 110 மைலை 125 ஆக்கினால், 125-ஐ 110-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்துப் பாருங்கள்: சுமார் 1.29. அதாவது 29 சதவீதம் கூடுதல் விசை. அதை யார் தாங்குவது? தண்டவாளமும், கட்டையும், ஜல்லியும்தான்.

எங்கே கோளாறு?

புது ரயில் ஒருவர் கையில், பழைய பாதை இன்னொருவர் கையில். 140 மைல் வேகத்துக்காக ரெயில்டிராக் நம்பியிருந்தது 'நகரும் பிளாக்' என்ற புதுவகை சிக்னல் முறை. அது நடைமுறைக்கு வரவே இல்லை. சுமார் 200 கோடி பவுண்டில் முடியும் என்ற வேலை, கடைசியில் சுமார் 900 கோடியில் போய் நின்றது.

இதற்கிடையே 2000 அக்டோபர் 17-இல் வேறொரு பாதையில், ஹாட்ஃபீல்டு அருகே, விரிசல் விழுந்த தண்டவாளம் நொறுங்கி 4 பேர் இறந்தார்கள். விரிசல் இருப்பது முன்பே தெரியும். மாற்றத்தான் நாதியில்லை. அதன்பின் நாடு முழுதும் நூற்றுக்கணக்கான இடங்களில் வேகக் கட்டுப்பாடு! ரெயில்டிராக் 2001-இல் திவாலாச்சு. 2002-இல் அதன் இடத்துக்கு, பங்குதாரருக்கு லாபம் பிரிக்காத 'நெட்வொர்க் ரயில்' வந்தது.

கிடைத்தது என்ன?

2004 செப்டம்பரில் 125 மைல் வேக ஓட்டம் தொடங்கியது. 2008 டிசம்பரில் பாதை வேலை முடிந்தது. இரண்டரை மணிக்கும் மேல் ஆன லண்டன் - மான்செஸ்டர் பயணம் சுமார் 2 மணி 10 நிமிடம் ஆச்சு. ஆனால் 140 மைல் கனவு கனவாகவே போச்சு.

2007 பிப்ரவரி 23-இல் கிரேரிக் என்ற இடத்தில் ஒரு பெண்டோலினோ தடம் புரண்டது. பெட்டிகளின் கட்டமைப்பு பெருமளவு தாங்கியது, ஒருவர் இறந்தார். காரணம் ரயில் அல்ல, பழுதான பாயிண்ட்ஸ். அதற்கு முந்தைய ஞாயிறு நடந்திருக்க வேண்டிய பாதைச் சோதனை நடக்கவில்லை. இத்தனைக்கும் அப்போது பாதையைப் பார்த்துக்கொண்டது லாபத்துக்காக நடக்கும் கம்பெனி அல்ல!

வெர்ஜினின் ஓட்டம் 2019 டிசம்பரில் முடிந்தது. 2024-இல் பயணிகள் ரயில்களை மீண்டும் பொதுத்துறைக்கே கொண்டுவரச் சட்டம் நிறைவேறியது.

நமக்கான பாடம்

நண்பர்களே, தனியார் புது ரயில் கொண்டுவந்தது உண்மை. பயணிகள் பயனடைந்ததும் உண்மை. ஆனால் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் காகிதத்தில்தான் பிரிக்க முடியும். தரையில் அவை இரண்டும் ஒரே இயந்திரம்.

அந்தத் தண்டவாளத்தின் மேல் நடந்து, போல்ட் இறுகியிருக்கிறதா என்று பார்க்கப் போகிறவர்கள் யார்? முதலாளி அரசோ தனியாரோ, அந்த வேலை நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள் கையில்தான் வந்து சேரும். நாளை 'பார்த்தாச்சு' என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன், நிஜமாகவே போய்ப் பார்த்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். ரயிலில் தூங்கிக்கொண்டு வருகிறவருக்கு நம் பெயர் தெரியாது. ஆனால் அவர் நம்மை நம்பித்தான் தூங்குகிறார்!

- மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்