அலைவு நேரமும் அதிர்வெண்ணும்

கணிதம் பயிலும் நம் பிள்ளைகள் சைன் சார்பில் இடறும் இடம் ஒன்றுண்டு. ‘சைன் (100 பை × நேரம்)’ என்று கண்டதும் அதிர்வெண் 100 என்று எழுதிவிடுகின்றனர். அதைச் சற்று விளக்க முற்படுகிறோம்.

வீட்டு மின்சாரமே நல்ல உதாரணம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அது விநாடிக்கு 50 முறை ஏறி இறங்கும் சைன் அலை. ஓர் அலை முழுதும் சுற்றி வர 2 பை ரேடியன் ஆகவேண்டும். ஆகவே 2 பையை 100 பையால் வகுக்க, வருவது 1/50 விநாடி. இதுவே அலைவு நேரம். தலைகீழாக்கினால் அதிர்வெண் 50. நேரத்தைப் பெருக்கும் எண் பெரிதானால் அலைவு நேரம் சுருங்கும். நீளும் என்று எண்ணுவதால்தான் பிழை பிறக்கிறது. அலையின் உயரத்துக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை.

அமெரிக்காவில் அதிர்வெண் 60. மின்னலைகளை எண்ணி ஓடும் அந்நாட்டுக் கடிகாரத்தை இங்கே கொண்டுவந்து, மின்னழுத்தத்தைத் தக்கபடி குறைத்துக் கொடுத்தாலும், ஒரு மணி நேரத்தில் அது 50 நிமிடமே ஓடியிருக்கும். அதை நம்பிப் பரீட்சைக்குப் புறப்படுகிறவர் பாடு என்னாவது! அந்நாட்டு மின்சாரத்துக்கு 100 பையின் இடத்தில் எந்த எண் வரும் என்பதைப் பிள்ளைகளே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.