கல்விப் படிகளும் பட்டங்களும்

நமது கிராமங்களில் கல்வியின்பால் ஆர்வம் பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியதாகும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புமாறு பெற்றோரை வேண்டி நின்ற காலம் மாறி, எப்படிப்பில் சேர்ப்பது என்று அவர்களே வினவும் காலம் வந்துள்ளது. ஆயின் அவ்வினாவுக்குத் தக்க விடை கிடையாமையால், நகையை அடகு வைத்தும் நிலத்தை ஒற்றிக்கு விட்டும் கட்டிய பணம், எவ்வேலைக்கும் உதவாத சான்றிதழாக வீடு திரும்புவதும் உண்டு. ஆதலின் கல்வியின் படிகள் யாவை, அவற்றை ஒப்பிடுவது எங்ஙனம் என்பதை விவசாயிகளும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

படிகளின் வரிசை

தமிழ்நாட்டில் 10 ஆம் வகுப்பு முதற் பெரும்படியாகும். அங்கிருந்து மூன்று வழிகள் பிரிகின்றன. ஒன்று, 2 ஆண்டு மேல்நிலைக் கல்வி. மற்றொன்று, பாலிடெக்னிக்கில் 3 ஆண்டு டிப்ளமா. மூன்றாவது, ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் தொழிலுக்கேற்ப ஓராண்டோ ஈராண்டோ பெறும் பயிற்சி. இதில் சில பிரிவுகளுக்கு 8 ஆம் வகுப்பே போதுமானது.

12 ஆம் வகுப்புக்குப் பின் பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். முதலிய பட்டங்களுக்கு 3 ஆண்டுகள். பொறியியலுக்கும் வேளாண்மைப் பட்டத்திற்கும் 4 ஆண்டுகள். மருத்துவமும் கால்நடை மருத்துவமும் பயிற்சிக் காலம் உட்பட ஐந்தரை ஆண்டுகள். முதுகலைப் பட்டத்திற்குப் பொதுவாக மேலும் 2 ஆண்டுகள். அதற்கும் மேற்பட்டது ஆராய்ச்சி செய்து பெறும் டாக்டர் பட்டம்.

முதியோர் தம் காலத்துப் படிப்பை இன்றைய படிப்புடன் ஒப்பிடும்போது ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 1978 ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வி ஏற்படுமுன், எஸ்.எஸ்.எல்.சி. என்பது 11 ஆம் வகுப்பைக் குறித்தது. அதன்பின் கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி. பயின்றே பட்ட வகுப்பில் சேர இயலும். பெயர் ஒன்றாயினும் படி வேறு.

பெயரைக் கொண்டு அளக்கலாகாது

‘டிப்ளமா’ என்ற ஒரே சொல் மூன்று இடங்களில் வழங்குகிறது. பாலிடெக்னிக் டிப்ளமா 10 ஆம் வகுப்புக்கு மேற்பட்டது. மருந்தாளுநர் டிப்ளமா 12 ஆம் வகுப்புக்குப் பின் 2 ஆண்டுகள் பயில்வது. முதுநிலை டிப்ளமாவோ பட்டம் பெற்றோருக்கு உரியது. பி.எட். இளநிலைப் பட்டமேயாயினும், வேறொரு பட்டம் பெற்றவரே அதில் சேரலாம். எம்.பி.பி.எஸ். பெயரளவில் இளநிலைப் பட்டம். ஆனால் அதற்குச் செல்லும் காலம் எம்.ஏ. பட்டம் பெறும் காலத்திற்குக் குறைந்ததன்று. ஆகவே எதற்குப் பின், எத்தனை ஆண்டு என்ற இரண்டையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.

குறுக்கு வழியன்று, இணைப்பு வழி

10 ஆம் வகுப்புக்குப் பின் டிப்ளமாவுக்கோ ஐ.டி.ஐ.க்கோ சென்றால் மேற்படிப்பு அற்றுப்போகும் என்பது தவறான எண்ணம். டிப்ளமா பெற்றவர் பொறியியல் பட்ட வகுப்பில் நேரே 2 ஆம் ஆண்டில் சேரலாம். மேல்நிலைப் பள்ளி வழியே சென்றவர் பட்டம் பெற 10, 2, 4 என 16 ஆண்டுகள் ஆகின்றன. டிப்ளமா வழியே சென்றவருக்கும் 10, 3, 3 என அதே 16 ஆண்டுகளே. ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமாவின் 2 ஆம் ஆண்டில் சேர்ந்து, அதன்பின் பட்டம் பெறுவாராயின் 17 ஆண்டுகள் ஆகும். ஓர் ஆண்டு கூடினும், இடையிலேயே கைத்தொழில் கற்று ஊதியம் ஈட்டும் வாய்ப்பு அவருக்கு உண்டு. வறிய குடும்பத்திற்கு இது சிறு நன்மையன்று.

சேருமுன் கேட்கவேண்டிய வினாக்கள்

1. பட்டம் அளிப்பவர் யார்? பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 1956-இன்படி, சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகமும், நிகர்நிலை பெற்றதும், பாராளுமன்றம் அதிகாரமளித்த நிறுவனமுமே பட்டம் வழங்கலாம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை அக்குழு வெளியிட்டு வருகிறது.

2. படிவரிசை சரியா? முதற்பட்டம் இன்றித் திறந்தநிலைக் கல்வி வாயிலாக நேரே பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் 2009 ஆம் ஆண்டில் தெளிவாக்கியது.

3. தொழில் செய்யப் பதிவு கிடைக்குமா? செவிலியர் தொழிலுக்கு 4 ஆண்டுப் பட்டமோ 3 ஆண்டு டிப்ளமாவோ தேவை. ஆறு மாதச் சான்றிதழை நம்பிப் பணம் கட்டிய பெண், செவிலியர் குழுமத்தில் தம் பெயரைப் பதிவு செய்ய இயலாது.

4. அடுத்த கதவு திறந்துள்ளதா? வேளாண்மைப் பட்டம் விரும்பும் பிள்ளை 11 ஆம் வகுப்பிலேயே அதற்குரிய அறிவியல் அல்லது வேளாண் தொழிற்பாடப் பிரிவை எடுத்திருத்தல் வேண்டும். வணிகவியல் எடுத்தபின் வருந்திப் பயனில்லை. மேலும் 6 முதல் 12 ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு மருத்துவக் கல்வியில் 2020 ஆம் ஆண்டிலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் முதலியவற்றில் 2021 ஆம் ஆண்டிலும் 7.5 சதவிகித இடங்கள் ஒதுக்கப்பெற்றன. 10 ஆம் வகுப்புக்குப் பின் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

5. விரும்பும் வேலைக்கு எவ்வளவு படிப்புத் தேவை? கிராம நிர்வாக அலுவலர் பதவிக்குக் குறைந்த தகுதி 10 ஆம் வகுப்பே. எம்.ஏ. படித்தவரும் அதே தேர்வையே எழுதுகிறார். அங்கே தேர்வு மதிப்பெண்ணே முடிவு செய்யும். பட்டத்தின் நீளம் அன்று.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

மே 1 ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. பிள்ளைகள் அடுத்த படிப்பில் சேரும் பருவமும் அதுவே. அன்று உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரையும், அருகிலுள்ள ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் ஆசிரியர்களையும் அழைத்து, மேற்கூறிய வழிகளைப் பெற்றோருக்கு விளக்கச் செய்யலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள அங்கத்தினர்கள், 10 ஆம் வகுப்புடன் நின்றுவிட்ட பிள்ளைகளின் பெயர்களை எழுதி, வீடு வீடாகச் சென்று காரணம் அறியலாம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை.

விதையின் முளைப்புத் திறனையும், தன் நிலத்திற்கு ஏற்றதா என்பதையும் கேட்டறிந்த பின்னரே விவசாயி அதை வாங்குகிறார். பிள்ளையின் பல ஆண்டுகளைச் செலவிடும் படிப்புக்கும் அத்தகைய விசாரணை வேண்டும். எப்பட்டம் பெரிது என்பதினும், நம் பிள்ளையின் விருப்பத்திற்கும் குடும்ப நிலைக்கும் ஏற்ற படி எது, அதன் மேல் அடுத்த படி உண்டா என்று கேட்பதே அறிவுடைமையாகும்.