குடியாதவருக்கும் வரும் ஈரல் நோய்

"ஒரு சொட்டுச் சாராயமும் தொட்டதில்லை, எனக்கு எப்படி ஈரலில் கொழுப்பு?" ஸ்கான் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பலர் இப்படிக் கேட்கின்றனர். மது மட்டும் இதற்குக் காரணமன்று. சோறு, பாண், சீனி ஆகியவற்றில் உடல் செலவழிக்காத பங்கை ஈரல் கொழுப்பாக்கிச் சேர்த்து வைக்கிறது.

வயல் இருந்த காலத்தில் உழைப்பு அதைக் கரைத்தது. 1990இலும் 2006இலும் இடம்பெயர்ந்த திருகோணமலைக் குடும்பங்கள் வயலையும் தோட்டத்தையும் விட்டு வந்தன. முகாமில் கிடைத்தவை பெரும்பாலும் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். முகாம் முடிந்த பின்பும் அந்தச் சாப்பாட்டுப் பழக்கம் பல வீடுகளில் தங்கிவிட்டது.

ஆய்வுகள் கூறுவது

2007இல் ராகமையில் 35 முதல் 64 வயது வரையுள்ளவர்களைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மதுவால் வராத இந்தக் கொழுப்பு இருந்தது. இவர்களில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 64 பேர் வீதம் புதிதாக நீரிழிவு நோயாளராயினர். கொழுப்பு இல்லாதவர்களில் 34 பேர். லிந்துலைத் தோட்டப்புறத்தில், உடலுழைப்புள்ள ஏழை மக்களிடையேயும் நூற்றுக்கு 18 பேருக்கு இது காணப்பட்டது. ஆகவே, "உழைப்பவனுக்கு வராது" என்று இருந்துவிட முடியாது.

நாளடைவில் நடப்பது

1. பெரும்பாலானோர் ஈரல் நோயால் இறப்பதில்லை. மாரடைப்பு முதலிய இருதய நோய்களே முதன்மையான காரணம்.
2. சிலருக்கு ஈரலில் அழற்சி உண்டாகி, பல ஆண்டுகளில் தழும்பு படர்ந்து ஈரல் இறுகிவிடும். இதுவே சிரோசிஸ். புற்றுநோயும் வரலாம். தழும்பு எவ்வளவு என்பதே ஈரலின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும்.
3. நெடுங்காலம் வலி இராது. வலியில்லை என்பதால் நோயில்லை என்றாகாது.

செய்யக்கூடியது

தொடக்கத்தில் இது மாறக்கூடிய நோய். 70 கிலோ எடையுள்ளவர் பட்டினி கிடவாமல், மெல்ல மெல்ல 5 கிலோ குறைத்தாலே ஈரல் கொழுப்புக் கரையும், அழற்சியும் தணியும். இரண்டு தேக்கரண்டி சீனியிட்டு ஆறு தடவை தேநீர் குடித்தால் நாளுக்கு ஏறத்தாழ 50 கிராம் சீனி. முதலில் அதைக் குறையுங்கள். சோற்றைக் குறைத்து, கீரையையும் மீனையும் கூட்டுங்கள். நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடவுங்கள். ஈரலில் கொழுப்பு என்று அறிந்தவர்கள் மதுவை முற்றாக விடுவது நல்லது. அரசாங்க வைத்தியசாலையில் சீனி, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரலில் தழும்பு உண்டா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட

* எமது வீட்டில் மாதம் எத்தனை கிலோ சீனி முடிகிறது?
* வளவில் இடமில்லாதவர்கள் கூடிக் கீரைப் பாத்தி போட எங்கே இடம் உண்டு?