ஆமணக்கும் எள்ளும்: வயிற்றுக்கு எது, எவ்வளவு?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த கரிசல் பூமி. குண்டாற்றில் நீரோடும் நாட்கள் சிலவே. நம்மவர்க்கு அந்நிலம் அயலானதன்று. வெண்பு நாட்டுக் குறண்டியின் திருக்காட்டாம்பள்ளியைச் சேர்ந்த அறவோர் பெயர்கள் மதுரைச் சமணர்மலைக் கல்வெட்டுகளிலும் உள்ளன. அவருள் ஒருவர் அட்டோபவாசி, அதாவது எட்டு உபவாச நோன்பினர் என்றே குறிக்கப்பெறுகிறார். நோன்பும் பாரணையும் வழக்கிலுள்ள நம் இல்லங்களில் வயிற்றின் நலம் பற்றிப் பேசாதிருத்தல் இயலாது. எனவே குறைந்த நீரில் விளையும் ஆமணக்கு, எள் ஆகிய இரு வித்துகளின் எண்ணெய்களை இங்கு ஆராய்வோம்.

ஆமணக்கு முத்தை வறுத்து, இடித்து, நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை அகப்பையால் வழித்தெடுப்பது பழைய முறை. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆமணக்கு வித்தில் ரிசின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. அது எண்ணெயில் கரையாது, சக்கையிலேயே தங்கிவிடும். கொதிக்கும் வெப்பமும் அதன் வலிமையைக் கெடுக்கும். ஆயினும் பச்சை வித்தைக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைத்தல் ஆகாது. விளக்கேற்றுவதற்கென விற்கப்படும் எண்ணெயும் உண்ணத் தக்கதன்று.

விளக்கெண்ணெயில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலிக் அமிலம். சிறுகுடலில் எண்ணெய் செரிக்கும்போது அவ்வமிலம் விடுபட்டுக் குடல் தசைகளைச் சுருங்கச் செய்கிறது. தசையணுக்களில் அது பற்றும் இடத்தை ஜெர்மானிய அறிஞர்கள் 2012ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். இரண்டு முதல் ஆறு மணி நேரத்தில் பேதியாகும். ஆகவே இது மருந்தேயன்றி உணவன்று. துவரம்பருப்பு வேகும்போது விடும் ஓரிரு துளிகள் வேறு. கரண்டியளவு குடிப்பது வேறு.

மாதந்தோறும் சிறுவரைப் பிடித்துவைத்து விளக்கெண்ணெய் புகட்டிய வழக்கத்தை நாம் போற்றுவதற்கில்லை. அடிக்கடி பேதியானால் உடலின் நீரும் உப்பும் குறையும். கருவுற்ற மகளிர் இதனை அறவே தவிர்க்க வேண்டும். எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது, காரணம் தெரியாத வயிற்றுவலிக்கு இதனைக் கொடுப்பது. வலி குடல்வால் அழற்சியால் வந்ததாயின் பேதி மருந்தால் குடல்வால் வெடித்து உயிருக்கே இடர் நேரலாம். அத்தகைய வலிக்கு வீட்டு வைத்தியம் வேண்டா; மருத்துவரிடம் விரைதலே முறை.

நல்லெண்ணெயின் இயல்பு வேறு. கருப்பட்டி சேர்த்துச் செக்கிலாட்டிய அவ்வெண்ணெயை உளுத்தங்களியில் குழிசெய்து ஊற்றி உண்பது தென்பாண்டி நாட்டு வழக்கம். உணவிலுள்ள கொழுப்பு சிறுகுடலை அடைந்ததும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைச் சொரிகிறது. கீரையிலுள்ள உயிர்ச்சத்து 'ஏ'யின் மூலப்பொருளை உடல் ஏற்பதற்கும் சிறிது எண்ணெய் வேண்டும். ஆனால் எண்ணெயில் நார்ச்சத்து சிறிதும் இல்லை. மலச்சிக்கலுக்கு உதவுவன முழு எள், கம்பு, கீரை ஆகியவற்றின் நாரும் போதிய நீருமே. ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி தருவதால் நல்லெண்ணெயாயினும் அளவு வேண்டும். எள்ளைப் புடைத்து, உயிரிகள் இல்லாமை கண்டபின் செக்குக்கு அனுப்புவது நமக்குரிய கடமை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நோன்பு முடித்த நாளில் வயிற்றைச் சுத்தம் செய்கிறோம் என்று விளக்கெண்ணெய் அருந்துவோர் உளர். நீர் குறைந்திருக்கும் உடலுக்கு, அதிலும் முதியோர்க்கு, அது தீங்காகும். பாரணைக்கு வெந்நீரும் நெகிழக் காய்ச்சிய கஞ்சியும் போதும். எண்ணெய்ப் பண்டங்களை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.