மூலிகை டீ: பெரியவர்கள் டம்ளரில் என்ன இருக்கிறது?

"இலையும் வேரும்தானே, என்ன பண்ணிடப் போகுது?" என்றுதான் உங்கள் வீட்டுப் பெரியவரும் சொல்வார். அதில் பாதி சரி. மீதிப் பாதியையும் தெரிஞ்சுக்கிட்டா அவருக்கு நல்லது.

முதலில் நல்ல விஷயம். வயசாக ஆக, தாக உணர்ச்சி மங்கிவிடும். தண்ணீர் குடிக்கிற நினைப்பே வராது. வெதுவெதுப்பாக ஒரு டம்ளர் சுக்குமல்லி கொடுத்தால் உடம்புக்கு நீர் சேரும். காபித்தூள் போடாவிட்டால் காஃபீனும் கிடையாது. ஆனால் சாயங்காலமே கொடுத்துவிடுங்கள். படுக்கும்போது குடித்தால் நடுராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து, இருட்டில் தடுக்கி விழ நேரலாம். சர்க்கரை நோய் இருக்கிறதா? கருப்பட்டியும் சர்க்கரைதான், மறந்துடாதீங்க!

ஹைபிஸ்கஸ் டீ ரத்த அழுத்தத்தைக் குறைக்குமா? 2010-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், லேசான ரத்த அழுத்தம் உள்ள 65 பேர் கலந்துகொண்டார்கள். ஆறு வாரம் தினம் 3 கப் இந்த டீ குடித்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 7 புள்ளி இறங்கியது. இது நம் வீட்டு வாசல் செம்பருத்தி அல்ல. புளிச்சகீரை இனத்துச் செடி. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் இதையும் குடித்தால், அழுத்தம் அதிகமாக இறங்கித் தலை சுற்றலாம்.

இப்போது கவனமாகப் படியுங்கள். தொண்டைக்கு இதம் என்று அதிமதுரத்தைத் தினமும் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்களா? அதிலுள்ள கிளிசிரைசின், உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும். ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும். நீர் பிரிவதற்கான மாத்திரைகள் பலவும் பொட்டாசியத்தைக் குறைப்பவைதான். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

மலச்சிக்கலுக்கு விற்கிற பல டீ பாக்கெட்டுகளில் இருப்பது நிலாவரை. திருநெல்வேலி பெயரிலேயே உலகச் சந்தைக்குப் போகிற சரக்கு அது! ஓரிரு நாளைக்குச் சரி. மாதக்கணக்கில் குடித்தால் அதுவும் பொட்டாசியத்தை இழுத்துக்கொண்டு போகும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

* பாக்கெட்டில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.
* டாக்டரிடம் போகும்போது மாத்திரைகளோடு அந்தப் பாக்கெட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர், கேட்காமல் எந்த மூலிகை டீயும் தொடங்க வேண்டாம்.
* இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு டாக்டர் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால், டீயும் அந்தக் கணக்கில்தான்.
* ரத்தசோகை உள்ளவர் சாப்பாட்டோடு குடிக்க வேண்டாம். ஒரு மணி நேரம் கழியட்டும். சில மூலிகை டீக்கள் இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும்.

தசை பலவீனம், படபடப்பு, திடீர் கால்வீக்கம் தெரிந்தால் "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். டீயை நிறுத்திவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.