யப்பானியரின் கைத்தொலைபேசியும் எமது அகரவரிசையும்

பழைய கைத்தொலைபேசி ஒன்றின் பத்து எண் பொத்தான்களை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். ஒன்றில் ‘அ’, இரண்டில் ‘க’, மூன்றில் ‘ச’, நான்கில் ‘த’, ஐந்தில் ‘ந’, ஆறில் ‘ஹ’, ஏழில் ‘ம’, எட்டில் ‘ய’, ஒன்பதில் ‘ர’, பூச்சியத்தில் ‘வ’. தமிழுக்கென்றே ஆக்கியது போலத் தோன்றும் இவ்வொழுங்கு, தீவு நாடாகிய யப்பானில் வழங்குவது. ‘க’ பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தினால் க, கி, கு, கெ, கொ என உயிர் மாறிவரும்.

இவ்வொற்றுமை தற்செயலானதன்று. வடமொழி கற்ற பௌத்தத் துறவியர் வழியாக இந்திய எழுத்துமுறையின் ஒலிவரிசை யப்பானைச் சென்றடைந்தது. ஆறாம் பொத்தானின் ‘ஹ’கூடப் பண்டை நாளில் ‘ப’ என ஒலித்ததென்பர் மொழியறிஞர். அவ்விடத்தில் ‘ப’வை வைத்துப் படித்துப் பாருங்கள், நாம் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கும் அதே வரிசை!

1979 டிசம்பரில் ரோக்கியோவில் காரில் பொருத்தும் தொலைபேசிச் சேவை தொடங்கியது. பின்னர் 1990களில் மாணவியர் கையில் பேஜர் இருந்தது. எண்களை மட்டுமே காட்டிய அக்கருவியிலும் அவர்கள் தம் மொழியை விட்டாரல்லர். எண்களின் யப்பானிய ஒலியைக் கொண்டு 0840 என்று அனுப்பினால் ‘ஒஹயோ’, அதாவது காலை வணக்கம்!

1999 பெப்ரவரியில் ஐ-மோட் எனும் கைத்தொலைபேசி இணையச் சேவை தொடங்கியது. அதற்கென சிகேதக்கா குரித்தா 176 சிறு படங்களை அமைத்தார். ‘எ’ என்றால் படம், ‘மோஜி’ என்றால் எழுத்து. நீங்கள் நாள்தோறும் அனுப்பும் எமோஜி என்பது யப்பானியச் சொல். புகைவண்டியில் பிறர் செவிபடப் பேசுதல் அங்கு பண்பன்று; ஆகவே பயணத்தில் எழுதினர், வாசித்தனர். கைத்தொலைபேசியிலேயே நாவல் எழுதும் வழக்கமும் தோன்றியது. 2007இல் மிகுதியாக விற்பனையான பத்து நாவல்களுள் ஐந்து அவ்வாறு பிறந்தவை.

யப்பானியர்க்கு இது எளிதாக வாய்த்ததன்று. 2010இல் திருத்திய அன்றாட வழக்குப் பட்டியலில் மட்டும் 2136 சீன எழுத்துகள் உள்ளன. எமக்கோ 247. எனினும் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுபவர் நாம்தாம்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. எம் கைக்கு முதலில் வந்த தொலைபேசிகளில் தமிழ் எழுத்து இல்லை. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தாயின் 160 குறிகள் அடங்கும். தமிழாயின் 70 மட்டுமே. அதிலும் ‘கொ’ என்பதற்கு இரு குறிகள் செலவாகும். காசு எண்ணி வாழ்ந்த அகதிகளாகிய நாம் வேறென் செய்வோம்?

அக்காலத்தில் ஊரில் எமது தாயாருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. நள்ளிரவில் தங்கையிடமிருந்து ஆங்கில எழுத்தில் ஒரு செய்தி வந்தது: ‘அம்மாவுக்கு இப்ப வ-லி தெரியேல்லை.’ வலி தெரியவில்லையா, வழி தெரியவில்லையா? தாயாருக்கு முன்னரே சற்று மறதி இருந்தது. மருத்துவமனையை விட்டு எங்கேனும் நடந்துவிட்டாரோ என அஞ்சினோம். விடியும்வரை அழைத்தோம், தொடர்பு கிட்டவில்லை. காலையில் தங்கை, “ஏன் அண்ணா இத்தனை தரம் எடுத்தனீங்கள்? அம்மா நோவில்லாமல் நல்லா நித்திரை கொண்டவ” என்றாள். பதினைந்து ஆண்டுகள் லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் கற்பித்த ஆசிரியருக்கு அவ்விரவு ஒரு பரீட்சையாயிற்று.

அக்காரணம் இப்போது இல்லை. இன்றைய கைத்தொலைபேசிகளில் தமிழ் விசைப்பலகை உண்டு. எழுத்தெண்ணிக் காசு கொடுப்போரும் அரிது. பெற்றோரே, உங்கள் பிள்ளை தமிழில் எழுதிய செய்திக்கு நீங்கள் ஆங்கில எழுத்தில் விடை அனுப்புகிறீர்கள் என எம் வகுப்பிலே முறைப்பாடு வந்துள்ளது. இன்று மண்டப வாயிலில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் மேசையிட்டு அமர்ந்திருப்பர். உங்கள் கைத்தொலைபேசியை நீட்டினால், தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து, ழகரம் எங்கே உள்ளதென்றும் காட்டித் தருவர்.