லாரியில் மூட்டைகளைக் கட்டும் முறை

நெல், நிலக்கடலை முதலியவற்றை லாரியிலேற்றி மில்லுக்கும் சந்தைக்கும் அனுப்புவது நமது சங்கங்களில் சாதாரண விஷயமாகும். மூட்டைகளின் எண்ணிக்கையையும் நிறுவையையும் கவனமாய்ப் பரிசோதிக்கும் அங்கத்தினர்கள், அவை கட்டப்படும் விதத்தை மட்டும் டிரைவரின் பொறுப்பென்று விட்டுவிடுகிறார்கள்.

இவ்வளவு பளுவான சரக்கு தானாக எங்கே அசையப்போகிறது என்று சிலர் கேட்பதுண்டு. பளுவான சரக்கே அதிகமாய் உந்தும். லாரி ஓடுகையில் மூட்டையும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரேக் பிடித்ததும் லாரி நின்றாலும் மூட்டை முன்னே செல்லவே முயலும். வளைவில் லாரி திரும்பும்பொழுது மூட்டை நேராகப் போக முயல்வதால் வெளிப்புறமாய்ச் சரிகிறது. பல தேசங்களில் அனுசரிக்கப்படும் கணக்குப்படி, கட்டும் அடைப்பும் சேர்ந்து, முன்புறமாய்ச் சரக்கின் எடையில் 10-ல் 8 பங்கையும், பக்கங்களிலும் பின்புறத்திலும் 10-ல் 5 பங்கையும் தாங்கவேண்டும். 10 டன் ஏற்றினால், முன்பலகையும் கயிறுமாக 8 டன் எடைக்கு நிகரான உந்துதலைத் தடுத்தாகவேண்டும்.

ஆகையால் முன்பலகையை ஒட்டி, இடைவெளியின்றி அடுக்கத் தொடங்குக. கொத்தனார் கீழ்வரிசையின் சந்தின்மேல் மேல்வரிசைச் செங்கல்லை வைப்பதுபோல் மூட்டைகளையும் மாற்றி மாற்றி அடுக்கினால் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சணல் சாக்கின் சொரசொரப்பு இதற்கு உதவி செய்யும். இக்காலத்துப் பிளாஸ்டிக் சாக்கோ வழுக்கும் தன்மையுடையது. அதனை உயரமாய் அடுக்குதல் ஆகாது.

கயிறு செங்குத்தாய் இறங்கினால்தான் சரக்கை நன்கு அழுத்தும். தளத்தோடு 30 டிகிரி சாய்வில் இறங்கும் கயிறு, நாம் இழுத்துக் கட்டிய விசையில் பாதியளவே கீழ்நோக்கி அழுத்துகிறது. தார்ப்பாய் மழைக்கு மட்டுமே; அதைக் கட்டென்று நம்பலாகாது. வழியின் குலுக்கலில் மூட்டைகள் அமிழ்ந்து கயிறு தொய்யுமாதலால், புறப்பட்ட சில கிலோமீட்டருக்குள் லாரியை நிறுத்தி மறுபடி இறுக்குவது அவசியம்.

கட்டு எவ்வளவு நல்லதாயினும் வேகத்துக்கு ஈடுகொடுக்கமாட்டாது. ஒரே வளைவை 20 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்குப் பதிலாக 40-ல் கடந்தால், சரக்கு வெளியே சரிய முயலும் விசை இரண்டு மடங்கன்று, நான்கு மடங்காகும். வளைவுக்குள் புகுந்தபின் பிரேக் பிடிப்பதைவிட, அதற்கு முன்னரே வேகத்தைத் தணிப்பது உத்தமம்.

மூட்டை ஏற்றிய ஆட்களை அம்மூட்டைகளின் மேலேயே அமர்த்தி அனுப்பும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. கட்டு அவிழ்ந்தால் சரக்கோடு வீழ்ந்து அதன் அடியிற் சிக்குபவர்கள் அவர்களே. சங்கமே பஸ் கட்டணம் கொடுத்து அவர்களை அனுப்பலாம். அச்சிறு தொகையைக் கணக்கில் எழுதக் காரியதரிசிகள் ஏன் தயங்குகிறார்களென்பது விளங்கவில்லை.